நாதம் பிறக்கும் நரசிங்கம்பேட்டை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலை திருத்தலங்களைக் கோத்த மாலை போன்றது. திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை என்று வரிசையாகக் கோபுரங்கள் கண்ணில் படும். சூரியனார்கோவிலுக்கும் கஞ்சனூருக்கும் செல்லும் அன்பர்கள் ஆடுதுறையில் திரும்பிவிடுவது வழக்கம். அங்கே திரும்பாமல் கிழக்கே சற்றுத் தொலைவு சென்றால் வருவது நரசிங்கம்பேட்டை. கோயில்களின் மங்கல ஓசைக்கு மூலமான நாதஸ்வரம் தலைமுறை தலைமுறையாக உருவாகிவரும் ஊர் இது.

இங்கு நாதஸ்வரம் செய்யப் பயன்படுவது ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாது. ஈரம் முற்றிலும் வற்றி, ஆண்டுக்கணக்கில் காய்ந்த மரமே நல்ல நாதம் தரும். ஆகவே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் வாங்கிவந்து அறுத்து, கடைந்து, துளையிடுகின்றனர். ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கிய மரம், பிற்காலத்தில் இறைவன் திருமுன் இசைக்கும் பேறு பெறுகிறது. குழலின் அடியில் விரிந்த அணைசு பொருத்தப்படும். காவிரிக் கரையோரங்களில் விளையும் கொருக்கை எனும் நாணல் வகையைப் பதப்படுத்திச் சீவாளி செய்வர். துளையின் இடம் மயிரிழை பிசகினாலும் சுரம் பிசகும் என்பதால், கைப்பழக்கமும் செவிப்பழக்கமும் ஒருங்கே வாய்த்தவரே இத்தொழிலில் நிலைக்க முடியும்.

அடுத்துள்ள திருவாவடுதுறை, பசு வடிவில் இருந்த அம்பிகை தன் உருவம் பெற்ற தலம். திருமூலர் திருமந்திரம் அருளிய தலம். தந்தையார் வேள்வி செய்யத் திருஞானசம்பந்தர் பொற்கிழி பெற்ற தலம். இவ்வூரின் ஆதீனம் நாதஸ்வரக் கலையை ஆதரித்து வளர்த்தது. ஆதீன வித்துவானாகப் புகழ்பெற்றவர் டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956). முன்பு வழக்கிலிருந்த திமிரி நாதஸ்வரம் உச்ச சுருதி கொண்டது. அதில் சுத்த மத்திமம் எளிதில் பிடிபடாது. நரசிங்கம்பேட்டைக் கலைஞர் ரங்கநாதன் ஆசாரி, பிள்ளையவர்களின் தேவையை உணர்ந்து, சுத்த மத்திமம் தெளிவாக ஒலிக்கும் நீண்ட பாரி நாதஸ்வரத்தை உருவாக்கித் தந்தார். செய்பவரும் வாசிப்பவரும் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்ததால் விளைந்த நன்மை அது. 2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆயினும் குறியீடு ஒரு பொருளின் பெயரைக் காக்குமே தவிர, அதனை வாங்குவோரை உண்டாக்காது. வாசிப்பவர் இருந்தால்தான் செய்பவர் இருப்பர். அழைப்பவர் இருந்தால்தான் வாசிப்பவர் இருப்பர். திருக்கோயில் மேளம் வெறும் ஆரவாரம் அன்று. விடியலில் பூபாளம், சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி, பள்ளியறையில் நீலாம்பரி என்று பொழுதுக்கும் வழிபாட்டுக்கும் உரிய இசை முறை உண்டு. திருமஞ்சனத் தீர்த்தம் வரும்போது ஒரு மல்லாரி, நிவேதனத் தளிகை வரும்போது வேறொரு மல்லாரி, தேர் நகரும்போது மற்றொன்று. மடைப்பள்ளியில் இருப்பவரும் தெருக்கோடியில் நிற்பவரும், உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஓசை கொண்டே அறிந்த காலம் ஒன்று இருந்தது.

இன்று பல ஆலயங்களில் தீபாராதனை வேளையில் மின்சார முரசும் மணியுமே முழங்குகின்றன. பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் அந்த இயந்திரத்துக்குக் காலையும் ஒன்றே, அர்த்தஜாமமும் ஒன்றே. திருமண வீடுகளிலும் உள்ளூர் மேளம் இருக்கவேண்டிய இடத்தில் வெளியூர் வாத்தியக் குழுக்கள் வந்து அமர்கின்றன. முகூர்த்தங்கள் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் மேளக்காரர் இல்லத்தில் அடுப்பெரியக் கோயில் ஊழியமே துணை. அதுவும் அற்றுப்போனால் அவர் தம் பிள்ளைக்குச் சீவாளியைக் கொடுக்கத் தயங்குவது இயல்பே.

இதற்கு மாற்று, பக்தர்களின் கையிலேயே இருக்கிறது. முன்னோர் விளக்குக்கும் நந்தவனத்துக்கும் கட்டளை வைத்ததுபோல மேளத்துக்கும் வைத்தனர். தனியொருவரால் இயலாவிடினும், ஒரு தெருவார் சேர்ந்து தம் ஊர்க் கோயிலின் பிரதோஷத்துக்கோ வெள்ளிக்கிழமை பூசைக்கோ மேளக் கட்டளை ஏற்கலாம். இல்லத்துச் சுப நிகழ்ச்சிகளுக்கு ஊர்க் கலைஞரையே முதலில் அழைத்து, பேரம் பேசாமல் சம்பாவனை அளிக்கலாம். இசையில் நாட்டமுள்ள சிறுவர்களுக்குப் பழநி தேவஸ்தானம் நடத்துவது போன்ற நாதஸ்வர, தவில் பள்ளிகளைப் பற்றி எடுத்துச் சொல்லலாம். இவை எதுவும் இயலாதவர், சுவாமி புறப்பாட்டின்போது மேளத்தின் அருகே சற்று நின்று செவிமடுக்கலாம். எதிரில் ஒருவர் கேட்டு நிற்கிறார் என்றால் வித்துவானின் ராக ஆலாபனை தானே விரியும்.

அடுத்த முறை நவக்கிரகத் தலங்களுக்குச் செல்வோர், ஆடுதுறையில் திரும்புமுன் நரசிங்கம்பேட்டைக்கும் ஒரு நாழிகை ஒதுக்கலாம். காய்ந்த ஆச்சா மரத்துண்டு நாதக் குழலாக மாறும் காட்சியைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, அப்படியே திருவாவடுதுறை சென்று கோமுத்தீஸ்வரரை வணங்கலாம். ஊர் திரும்பியபின் தம் கோயிலில் மேளம் ஒலிக்கும்போது, அது எங்கே பிறந்தது என்று அக்குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கும்.