நார்மல்னு எழுதியிருந்தாங்க

எங்க வீட்டு பீரோவில் அப்பாவின் மார்பு எக்ஸ்ரே மூன்று இருக்கிறது. மூன்றிலும் ரிப்போர்ட் ஒன்றுதான்: நார்மல். ஆனால் மாடிப்படி ஏறினால் அப்பாவுக்கு மூச்சு வாங்கும்.

அப்பா 22 வருஷமா ஸ்பின்னிங் மில்லில், ப்ளோ ரூமில் வேலை. பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுகிற இடம், தூசு அதிகம். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை போனால் நெஞ்சை இறுக்கும். புதன், வியாழன் ஆனால் கொஞ்சம் பரவாயில்லை. "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையே, அப்புறம் என்ன?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டாராம். மூச்சு வாங்கினதைவிட அதுதான் அப்பாவுக்கு வலித்தது.

எக்ஸ்ரே எடுக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? "நல்லா மூச்சை இழுத்துப் புடிங்க" என்பார்கள். பிரச்சினையே மூச்சு போய் வருவதில். அதை நிறுத்திவிட்டுத்தான் படம் எடுக்கிறோம்!

செமினாருக்குத் தலைப்பு தேடியபோதுதான் எக்ஸ்ரே வெலாசிமெட்ரி கண்ணில் பட்டது. மெக்கானிக்கல்காரர்களுக்கு பி.ஐ.வி. தெரிந்திருக்கும். ஓடுகிற தண்ணீரில் நுண்துகள் கலந்து, லேசர் அடித்து, அடுத்தடுத்து இரண்டு படம் எடுப்பார்கள். முதல் படத்தின் ஒவ்வொரு சின்னக் கட்டமும் இரண்டாவது படத்தில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் தேடும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் ஃபூராஸ் குழு இதே வித்தையை நுரையீரலுக்குக் கொண்டுபோனது. துகள் எதுவும் கலக்க வேண்டாம். காற்றும் திசுவும் கலந்து கிடப்பதால், சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரேயில் நுரையீரலே புள்ளி புள்ளியாகத் தெரியும். ஜப்பானின் ஸ்பிரிங்-8 சிங்க்ரோட்ரானில் சுண்டெலிகளை வைத்துச் செய்து பார்த்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஃப்ளூரோஸ்கோப்பிக்கு, அதாவது ஓடுகிற எக்ஸ்ரேவுக்கு, மாற்றினார்கள். 2020இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதியும் கிடைத்தது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. எம்-2வில் டைவர்ஜென்ஸ் படித்தோமே, எதுக்குன்னே தெரியாமல்? (நான் அரியர் வைத்து வேறு படித்தேன்.) நுரையீரலின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால், அந்த நகர்வின் டைவர்ஜென்ஸ்தான் அந்த இடம் எவ்வளவு விரிந்தது என்பதற்கான கணக்கு. விரிந்த இடத்துக்குக் காற்று போயிருக்கிறது. விரியாத இடத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி மொத்தக் கணக்கை மட்டும் சொல்லும், கிளாஸ் ஆவரேஜ் மாதிரி. நாலு பேர் ஃபெயிலானதை டாப்பர்கள் மறைத்துவிடுவார்கள். 2 மில்லிமீட்டருக்கும் குறைவான சின்னக் காற்றுக்குழாய்கள் கெட ஆரம்பித்தால் அது சீக்கிரம் பிடிபடாது. புது முறை எந்த இடம் என்று வரைபடமாகக் காட்டும். ஏன் என்று காட்டாது. படம் கூடக் கூடக் கதிர்வீச்சும் கூடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் அப்பாவிடம் லேப்டாப்பில் காட்டினேன். நிறம் நிறமாக மின்னிய நுரையீரலை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நான் பொய் சொல்லலைன்னு இதுல தெரியுமா கண்ணு?" என்றார்.

அந்தக் கேள்விக்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பஞ்சுத் தூசால் வருகிற பிஸினோசிஸாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கும் என்றார். திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை ஊதச் சொன்னார். போன திங்கள் ஊதினார். முதல் ஒரு நொடியில் வெளியே வந்த காற்று, காலையைவிடச் சாயங்காலம் நன்றாகவே குறைந்திருந்தது.

அந்த இரண்டு தாளும் இப்போது பீரோவில் இல்லை. அப்பா சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறார். நாளைக்கு சூப்பர்வைசரைப் பார்க்கப் போகிறாராம்.