விசாரிப்பவர் கடமை

ஒரு தொழிற்சாலையில் தவறு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளியை விசாரித்து, அக்குற்றச்சாட்டு நிரூபணமாயிற்றா இல்லையா என்று எழுதிக் கொடுக்கும் உத்தியோகஸ்தர் நீதிபதியும் அல்லர், போலீஸ்காரரும் அல்லர். அவருக்குச் சம்பளம் கொடுப்பது குற்றம் சாட்டிய அதே நிர்வாகம். அவருடைய பதவி உயர்வைத் தீர்மானிப்பதும் அந்த நிர்வாகமே. ஆயினும் விசாரணை அறையில் அமர்ந்த கணத்திலிருந்து அவர் நிர்வாகத்தின் மனிதராக இருத்தல் கூடாது என்று சட்டமும் மனச்சாட்சியும் ஒருங்கே எதிர்பார்க்கின்றன. கோயம்புத்தூர்ப் பகுதியில் மோட்டார் பம்புகள் செய்யும் தொழிற்சாலைகளில் பணியாளர் துறையில் உத்தியோகம் பார்த்த எனக்கு, வேலைத்தலத்து நன்னடத்தை என்று இந்நாளில் பெரிதாகப் பேசப்படும் விஷயத்தில் பெரும்பகுதி, இந்த ஒரு நாற்காலியில் அமர்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் அடங்கியிருப்பதாகவே தோன்றுகிறது.

நம் தேசம் முழுவதற்குமாகத் தொழிலாளர் நடத்தை பற்றிய விதிகளுக்குச் சட்டபூர்வமான எழுத்துருவம் கிடைத்தது 1946-ஆம் ஆண்டில். அவ்வாண்டு இயற்றப்பட்ட நிலையாணைகள் சட்டம், நூறு தொழிலாளர்களுக்குக் குறையாத தொழிற்சாலை ஒவ்வொன்றும் வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கீனம், தண்டனை ஆகியவை பற்றிய நிபந்தனைகளை எழுதிச் சான்றளிக்கும் அலுவலரிடம் சமர்ப்பித்து, தொழிலாளர் தரப்பின் ஆட்சேபங்களையும் அவர் கேட்ட பின்னரே அவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்பு ஆலைகளில் ஒருவரை வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் பெரும்பாலும் மேஸ்திரியின் வாய்ச்சொல்லைப் பொறுத்தே இருந்தன. கீழ்ப்படியாமை, திருட்டு, மோசடி, லஞ்சம் வாங்குதலும் கொடுத்தலும், விடுப்பின்றிப் பத்து நாட்களுக்கு மேல் வராதிருத்தல் என்று மாதிரி நிலையாணைகளில் ஒழுங்கீனங்கள் பட்டியலிடப்பட்டன. அப்பட்டியலில் இல்லாத ஒரு செயலைப் பிற்பாடு ஒழுங்கீனம் என்று வியாக்கியானம் செய்து தண்டிக்க நிர்வாகத்துக்கு அதிகாரமில்லை என்று 1983-இல் கிளாக்ஸோ லாபரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நூறு என்ற எல்லையை 300 ஆக உயர்த்தியதை நான் துயரத்தோடுதான் பார்க்கிறேன். இருநூறு பேர் வேலை செய்யும் பட்டறைகளில்தான் எழுதிவைத்த விதிக்கு அவசியம் மிக அதிகம் என்பது என் அனுபவம்.

இவ்வாணைகளைத் தொழிற்சாலையின் வாயிலருகே, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் பாஷையில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளையாயிருந்தது. டைம் ஆபீஸுக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சிறிய எழுத்தில் அவை தொங்கும். ஷிப்டுக்குச் சங்கு ஊதப் போகும் நேரத்தில் அதன் முன் நின்று வாசிக்க எவருக்கு அவகாசமுண்டு? ஆகையால் புதிதாகச் சேரும் இளைஞர்களை உட்கார வைத்து, ஒவ்வோர் ஆணையாக உரக்க வாசித்து விளக்குவதை வழக்கமாகக் கொண்டேன். "கான்ட்ராக்டர் டீ வாங்கிக் கொடுத்தா அதுவும் லஞ்சமுங்களா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் கான்ட்ராக்டரின் சரக்கை எடை போட்டு ரசீதில் கையெழுத்திடும் இடத்தில் இருப்பவர் அவரிடம் டீ குடிப்பதற்கும், அவருடைய காரியத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாதவர் குடிப்பதற்கும் உள்ள பேதத்தை அன்று வெகு நேரம் பேசினோம். அப்படிப் பேசியதில் அவர்களுக்குத் தெளிவாகிய விஷயம் கண்ணாடிச் சட்டத்தால் ஒருநாளும் தெளிவாகியிராது.

விசாரணைத் தொழிலில் முதல் வேலை குற்றச்சாட்டுக் குறிப்பை எழுதுவது. அதைச் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் வெகு சிலரே. 'நம்பிக்கைக்குப் பாத்திரமற்றவராக நடந்துகொண்டீர்', 'மேலதிகாரியிடம் மரியாதையின்றிப் பேசினீர்' என்றெல்லாம் பொதுப்படையாக எழுதப்பட்ட மெமோக்கள் என் மேஜைக்கு வந்தவண்ணம் இருந்தன. எந்தத் தேதியில், எந்த ஷிப்டில், எந்த இயந்திரத்துக்கு அருகில், யார் கேட்கும்படி, என்ன வார்த்தை சொன்னார், அது எந்த ஆணையின் எந்தப் பிரிவில் வருகிறது என்று இல்லாத குற்றச்சாட்டுக்கு எந்த மனிதராலும் பதில் சொல்ல இயலாது. பதில் சொல்ல இயலாத குற்றச்சாட்டைச் சுமத்துவதே ஓர் அநியாயம். சூப்பர்வைசர்களை அழைத்து இவ்விவரங்களைக் கேட்கையில், அவர்களில் சிலர் தாமாகவே மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். கோபத்தில் எழுதியதற்குத் தேதியும் நேரமும் கேட்டால் கோபத்தின் அளவு எழுதியவருக்கே விளங்கிவிடுகிறது.

வைண்டிங் பிரிவில் ஹெல்ப்பராக இருந்த ஒருவருடைய டிபன் கேரியரின் அடித்தட்டில் செப்புக் கம்பித் துண்டுகள் இருந்ததாக, ஷிப்ட் முடிந்து வெளியேறும் வேளையில் கேட்டில் பிடித்தார்கள். செம்பு விலையுயர்ந்த சரக்கு. பழைய இரும்புக் கடைகளில் உடனே காசாகக் கூடியது. எங்கள் தொழிலில் திருட்டு என்றாலே பெரும்பாலும் செம்புதான். அவரைச் சஸ்பெண்ட் செய்து, குற்றச்சாட்டுக் கொடுத்து, விசாரணையை என்னிடம் ஒப்படைத்தார்கள். பிரதான சாட்சி சோதனை செய்த காவலாளி. அவர் ஸ்தாபனத்தின் ஆள் அல்லர். காண்டிராக்ட் ஏஜென்ஸி அனுப்பிய மனிதர். தொழிற்சாலை மானேஜர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாக வந்திருந்த வயது முதிர்ந்த சக தொழிலாளி, சட்டம் ஏதும் படியாதவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கேரியரைத் தொறக்கறப்ப இவன் உங்க பக்கத்துல நின்னானுங்களா?" காவலாளி சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார்: "இல்லைங்க. அவரு கார்டு பஞ்ச் பண்ணப் போயிருந்தாருங்க. பையெல்லாம் பெஞ்சு மேல வரிசையா வெச்சிருந்தாங்க, நான்தான் தொறந்து பாத்தனுங்க."

அந்த அறையில் இருந்தவர்கள் அனைவரிலும் சம்பளம் குறைந்தவர் அவர்தான். உண்மை சொல்வதால் இழக்கக்கூடியது அதிகம் உள்ளவரும் அவரே. வேலைத்தலத்து ஒழுக்கம் என்பதைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சில வாக்கியங்களுக்கு நிகராக ஒன்றையும் நான் மதிப்பதில்லை. அதன் பின் மற்றவையும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. கம்பியை எடைபோட்ட சீட்டில் குற்றம் சாட்டப்பட்டவருடைய கையெழுத்து இல்லை. எடுத்த சரக்கைப் பொட்டலமாக்கி முத்திரையிடவில்லை. விசாரணையில் காட்டப்பட்டது அன்று பிடிபட்ட கம்பிதான் என்று ஸ்டோர் கீப்பரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குற்றவியல் வழக்கில் வேண்டப்படும் சந்தேகத்துக்கு இடமற்ற நிரூபணம் தொழிற்சாலை விசாரணைக்கு வேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடிய சாத்தியம் எப்பக்கம் மிகுதி என்று பார்த்தால் போதும் என்பது சட்டம். அந்தச் சலுகையை முழுவதும் நிர்வாகத்துக்குக் கொடுத்துப் பார்த்தும் குற்றம் நிரூபணமாகவில்லை என்றே எழுத வேண்டியதாயிற்று. "அவன்தான் எடுத்தான்னு பிளாண்ட் முழுக்கத் தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியலையா?" என்று மேலதிகாரி ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் தெரியும் என்ற இந்த வார்த்தையைப் போல் விசாரணைக்குப் பகை வேறில்லை. எல்லோருக்கும் தெரிந்ததில் ஒருவராவது கண்ணால் கண்டாரா என்று கேட்பதற்காகவே அந்த நாற்காலி போடப்பட்டிருக்கிறது. அம்மனிதர் வேலைக்குத் திரும்பினார். அவர் எடுத்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றளவும் தெரியாது.

விசாரணை முடியும்வரை சஸ்பென்ஷனில் இருப்பவருடைய குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளமும், தாமதத்துக்கு அவர் காரணமாக இல்லாதபோது அதன் பிறகு முக்கால் பங்கும் பிழைப்பூதியமாகக் கொடுக்க வேண்டும் என்று நிலையாணைகள் சட்டத்தின் 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. பாதிச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பள்ளிக்கூடச் செலவும் எப்படி நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் எவரும் விசாரணைத் தேதியை அற்பக் காரணத்துக்காகத் தள்ளிவைக்க மாட்டார். ஒத்திவைப்புகளை நான் வெறுத்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

விசாரிப்பவர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். 1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மீங்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில், தொழிலாளர்களால் தாக்கப்பட்டதாகச் சொன்ன அதிகாரிகளே உட்கார்ந்து அக்குற்றத்தை விசாரித்திருந்தார்கள். அவ்விசாரணை இயற்கை நீதிக்கு விரோதமானது என்று நீதிமன்றம் தள்ளிற்று. சாட்சியாக இருப்பவர் விசாரிக்கலாகாது என்பது ஐயமற்ற நியமம். ஆனால் சாட்சியாக இல்லாத, சொந்தப் பக்ஷபாதம் இல்லாத நிர்வாக உத்தியோகஸ்தர் விசாரிக்கலாம் என்றே சட்டம் இன்றும் அனுமதிக்கிறது. 1971-இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, தண்டனை மிகையானது என்று கண்டால் தொழிலாளர் நீதிமன்றம் அதைக் குறைக்க வழிசெய்தது, பேருபகாரம்தான். எனினும் வேலை இழந்த ஒருவர் அந்த நீதிமன்றத்தின் படியேறி ஆணை பெற்று இறங்குவதற்குள் வருஷங்கள் கழிந்துவிடுகின்றன. நீதி முதலில் தொழிற்சாலைக்குள்ளேயே கிடைத்தாக வேண்டும்.

அதிகாரிகளுக்கு நிலையாணைகள் இல்லை. அவர்களுக்கென்று தனி நடத்தை விதிகள் உண்டு. சப்ளையரிடம் பரிசு பெறலாகாது, உறவினர் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் அவை அழகாகவே எழுதப்பட்டிருக்கின்றன. தீபாவளிக்கு முந்தின வாரம் கொள்முதல் பிரிவுக்கு வரும் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அவை எவ்வளவு அனுசரிக்கப்படுகின்றன என்பது தெரியும். அரைக் கிலோ செம்புக்குச் சஸ்பென்ஷனும், கம்பெனிக் காரைக் குடும்ப யாத்திரைக்கு எடுத்துச் சென்றவருக்குத் தனியறையில் ஒரு மென்மையான வார்த்தையும் என்றிருக்கும் ஸ்தாபனத்தில் எவ்வளவு உயர்ந்த விதியை எழுதி ஒட்டினாலும் தொழிலாளி அதை நம்பமாட்டார். நம்பாததில் அவர்மேல் குற்றமும் இல்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் எந்த ஊழியரும் முறைகேட்டைத் தெரிவிக்கவும், அவசியமானால் தணிக்கைக் குழுத் தலைவரையே நேராக அணுகவும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்று சொன்னபோது இந்த அநீதிக்கு ஒரு சிறு பரிகாரம் பிறந்தது.

அதே 2013-இல் வந்த மற்றொரு சட்டம்தான் என் சிந்தனையை மாற்றியது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் ஒருவருக்கு 1992-இல் இழைக்கப்பட்ட கொடுமையின் விளைவாக 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது. அதன் வழியில், வேலைத்தலத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் பதினாறு ஆண்டுகள் கழித்துப் பிறந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம் ஒவ்வொன்றிலும் உள்ளகக் குழு அமைய வேண்டும். தலைவர் பதவி மூத்த பெண் ஊழியருக்கு. அங்கத்தினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். கம்பெனியைச் சேராத ஒருவர் அவசியம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். அந்த வெளியாள் அமர்ந்த அறையில் நானும் இருந்திருக்கிறேன். புகாருக்கு ஆளானவருடைய பதவியைக் கேட்டு அவர் குரல் தாழவில்லை. எங்களுக்குள் பழக்கமாகிவிட்டதனால் நாங்கள் கேளாமல் விட்ட கேள்விகளை அவர் கேட்டார். அவரைக் கண்ட பின் கம்பெனி ஆட்களாகிய நாங்களும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆதலால் கேட்கிறேன்: பாலியல் புகாருக்கு அவசியம் என்று தேசம் ஒப்புக்கொண்ட வெளியாள், செம்புத் திருட்டுக் குற்றச்சாட்டில் வேலையை இழக்கப்போகும் ஹெல்ப்பருக்கு ஏன் கூடாது? சில கம்பெனிகள் வக்கீல்களை விசாரணை அதிகாரிகளாக நியமிக்கின்றன. ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் கட்டணம் கொடுப்பதும் நிர்வாகம் ஒன்றே. நான் சொல்லும் மனிதர் தொழிற்சங்கமும் சம்மதித்து வரவேண்டியவர்: ஓய்வுபெற்ற தொழிலாளர் துறை அதிகாரியாகவோ, அவ்வட்டாரக் கல்லூரி ஆசிரியராகவோ இருக்கலாம், விசாரணை அதிகாரியின் பக்கத்தில் அமர்ந்து, கேள்வி கேட்டு, முடிவில் உடன்பாடு இல்லையேல் அதை எழுதி வைத்துவிட்டுப் போகலாம். தொழில் ரகசியங்கள் வெளியே போய்விடும் என்று மானேஜர்கள் ஆட்சேபிக்கிறார்கள். உள்ளகக் குழுவின் விசாரணை விவரங்களை வெளியிடுவதைச் சட்டமே தடைசெய்து, மீறுபவருக்குத் தண்டனையும் வைத்திருக்கிறது. மனிதர்களின் மானத்தையும் வாழ்வையும் பற்றிய அத்தனை அந்தரங்கமான விஷயத்தில் போதுமானதாயிருக்கும் அந்தக் காப்பு, அரைக் கிலோ செம்பு விவகாரத்துக்குப் போதாது என்று எவரும் எனக்கு விளக்கியதில்லை.