இளைத்தது கொழுப்பா, தசையா?

எடை பார்க்கும் மெஷினுக்கு ஒரு குறை உண்டு. குறைந்தது கொழுப்பா தசையா என்று அது சொல்லாது. நம் பேச்சும் அப்படித்தான். குண்டானால் "சதை போட்டுட்டான்" என்போம், மெலிந்தால் "சதை கரைஞ்சிடுச்சே" என்று பாராட்டுவோம். கரைந்தது எது என்று யார் கேட்கிறார்கள்?

அப்பாவுக்குச் சர்க்கரை. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அப்பா சொன்ன பேச்சு கேட்பவர்! காலையில் இரண்டு இட்லி, இரவில் கஞ்சி, தினமும் ஒரு மணி நேர நடை. ஐந்து மாதத்தில் 79 கிலோ 70 ஆனது. தெருவே பாராட்டியது. ஆனால் செமஸ்டர் லீவில் நான் வந்தபோது, 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்க என்னைக் கூப்பிட்டார். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றித்தான் எழுகிறார்.

சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு கொழுப்பை மட்டும் எரிப்பதில்லை. வேலை கொடுக்காத தசையையும் சேர்த்துக் கரைக்கும். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதே தசைதான். அதை இழந்துவிட்டுச் சர்க்கரை நோயோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

2017-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. 65 வயதைத் தொட்ட, உடல் பருமன் உள்ளவர்கள். ஆறு மாதம் டயட்டோடு நடை, சைக்கிள் போன்றவை மட்டும், பளு தூக்குவது மட்டும், இரண்டும் என்று பிரித்தார்கள். மூன்று பிரிவிலும் சுமார் 9 சதவீதம் எடை குறைந்தது. ஆனால் கொழுப்பு நீங்கலான உடல் எடை, நடந்தவர்களுக்கு 5 சதவீதம் போனது. பளு தூக்கியவர்களுக்கு 2 சதவீதம்தான். அதற்காக நடையை விடவேண்டாம். இரண்டையும் செய்தவர்களுக்குத்தான் நடமாட்டம் அதிகம் தேறியது.

அடுத்தது புரதம். எடை குறைக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது நல்லது என்கிறார்கள். அப்பாவுக்கு 84 கிராம். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். கஞ்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம். முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6, 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 10. மீல் மேக்கர் 50 கிராமில் 25 (அம்மாவுக்குத்தான் அந்த வாசனை ஆகாது). ஹாஸ்டல் பையன்கள் வாங்கும் டப்பா பவுடரெல்லாம் தேவையே இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. அப்பாவுக்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டோம், பிரச்சினையில்லை.

இப்போது வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், இரண்டு கையிலும் மணல் நிரப்பிய பாட்டில். "இந்த வயசுல என்னைப் பயில்வான் ஆக்கப் பார்க்கிறியா?" என்கிறார். முதல் வாரம் 8 முறை எழுந்தவர், இப்போது கை ஊன்றாமல் 15 முறை எழுகிறார். எடை மட்டும் 70-லேயே நிற்கிறது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.