கன்று இல்லாத வீடு

"இயேசு திரும்பி வரும் நேரத்தில் நீ சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வாய்?" சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் சின்ன ஜெபவீட்டுக்கு எப்போதாவது வந்துபோன போதகர் இப்படிக் கேட்பாராம். எல்லாரும் தலையைக் குனிந்துகொள்ள, என் பாட்டி மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொள்வார்: "பாயில கொஞ்சம் நகர்ந்து எடம் விடுவேன்."

பாட்டிக்குத் தெரிந்த சினிமாக் கொட்டகைக்குக் கூரை கிடையாது. பந்துத் திடலின் இரண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினால் அதுதான் கொட்டகை. லயத்திலிருந்து பாயும் போர்வையும் அவித்த கச்சானும் வந்து சேரும். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியவர்கள், மறுநாள் பால்வெட்டை மறந்து நடுநிசிவரை விழித்திருப்பார்கள். அம்மன் கோயில் கும்பிடுகிறவர்களும் ஜெபவீட்டுக்காரர்களும் ஒரே பாயில்தான். போதகருக்குத் தெரியாமல் பாட்டி கற்ற வேதபாடத்தில் பாதி அந்தத் திடலில் கற்றது.

1950இல் வந்த 'ஏழை படும் பாடு' அவருக்கு மனப்பாடம். விக்டர் யூகோவின் 'லே மிசராப்ளா' நாவலைத் தமிழாக்கி எடுத்த படம். நாகையா திருடனாக வருவார். துரத்தும் போலீஸ்காரராக நடித்த சீதாராமனுக்கு அந்த வேடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, சாகும்வரை ஜாவர் சீதாராமன் ஆனார். யூகோவின் கதையில், விருந்து கொடுத்த பாதிரியாரின் வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடியவன் பிடிபடுகிறான். அவரோ, நான்தான் கொடுத்தேன் என்று போலீஸிடம் சொல்லிவிட்டு, மெழுகுவர்த்தித் தண்டுகளையும் எடுத்துக் கையில் கொடுக்கிறார். கிருபை என்றால் என்னவென்று விளக்க இதைவிட நல்ல காட்சி கிடையாது என்று நான் கல்லூரி முடித்த கர்வத்தில் பாட்டியிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அது சரிப்பா. சாமியார் வீட்டுல எதுக்கு அவ்ளோ வெள்ளி?"

எங்கள் ஊரில் பணத்துக்கும் வெள்ளி என்றுதான் பெயர். அந்தக் கேள்விக்கு அப்போது சிரித்தேன்.

அதே கதையின் சாயல் 1972இல் வந்த 'ஞான ஒளி'யிலும் உண்டு. தப்பி ஓடிய கைதி அந்தோணி, அருண் என்ற பெயரில் செல்வந்தனாகி ஊருக்கு நல்லது செய்கிறான். பழைய நண்பன் லாரன்ஸ் போலீஸ் உடுப்பில் அவனைத் தேடி வருகிறான். சிவாஜியும் மேஜர் சுந்தரராஜனும் எதிரெதிரே நிற்கும்போது நியாயப்பிரமாணமும் கிருபையும் நேருக்கு நேர் பேசுவதுபோல் இருக்கும். ரோமர் நிருபத்தைப் பாட்டி எழுத்துக்கூட்டிப் படித்ததில்லை. ஆனால் லாரன்ஸ் மேல் அவருக்குக் கோபமே இருந்ததில்லை. "அவன் வேலை அது" என்பார்.

மலேசியாவில் வேதமும் சினிமாவும் சந்திப்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மோசேயைக் கார்ட்டூனாகக் காட்டிய 'பிரின்ஸ் ஆப் ஈஜிப்ட்' இங்கே திரைக்கு வரவில்லை. 2014இல் 'நோவா'வுக்கும் தடை. நபிமார்களைத் திரையில் உருவமாகக் காட்டக்கூடாது என்பது காரணம். 2004இல் மெல் கிப்சனின் 'பேஷன் ஆப் த கிரைஸ்ட்' படத்தைக் கிறிஸ்தவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று அனுமதித்தார்கள்; டிக்கெட்டும் சபைகள் வழியாகத்தான். வேதாகமப் பெயரோடு வந்த படங்கள் வாசலில் நிறுத்தப்பட, பெயர் சொல்லாத படங்கள் தமிழ் பேசிக்கொண்டு தாராளமாக உள்ளே வந்தன. இயேசு சொன்ன உவமைகளும் அப்படிப்பட்டவைதானே? விதைக்கிறவன், காசைத் தொலைத்துவிட்டு வீட்டைப் பெருக்கும் பெண், மாவில் கலந்த புளிப்பு. அவற்றில் மதச் சின்னம் எதுவும் இல்லை.

பாட்டியின் தோட்டம் இப்போது இல்லை. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு பாதி குடியிருப்புத் தாமான் ஆயிற்று. நான் ஈப்போவில் சபை வாலிபர்களுக்கு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை படம் போட்டுக் காட்டிப் பேசவைக்கிறேன். பாடம் தேடுவதில் அவர்களுக்குப் பசி அதிகம். கதாநாயகன் அடிவாங்கிக் கைகளை விரித்தால் போதும், "சிலுவை, சிலுவை" என்று கத்துவார்கள். எனக்கு எரிச்சல் வரும். தமிழ்ப் படத்தில் கைகளை விரிக்காத நாயகன் யார்? ஒருமுறை 'கபாலி'யைப் பிடித்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வருஷம் சிறையில் இருந்து, செத்தவன்போல் போனவன் திரும்பி வருகிறான், அதனால் அது உயிர்த்தெழுதலாம். மூன்று நாளுக்குப் பதில் இருபத்தைந்து வருஷம், கோட்டு சூட்டு வேறு! பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "வந்து யாரை மன்னிச்சாரு?" அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது.

'அன்பே சிவம்' அப்படி முடியவில்லை. சைவத் தலைப்பு, கடவுளை நம்பாத கம்யூனிஸ்ட் நாயகன். ஆனால் யோவானின் முதல் நிருபம் நான்காம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கலாம். தழும்பு முகத்தோடு நல்லசிவம் வந்து பக்கத்தில் உட்காரும்போது அன்பரசு முகம் சுளிக்கிறான். நல்ல சமாரியன் யார் என்று கேட்டேன். எல்லாரும் நல்லசிவமாக வரும் கமலைக் காட்டினார்கள். நான் அன்பரசாக வரும் மாதவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்தில் காலியாக இருந்த ஓர் இருக்கையைத் தாண்டிப் போய் நின்றுகொண்டே பயணம் செய்த நாள் எனக்கும் உண்டு. அதில் உட்கார்ந்திருந்தவரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதை வாலிபர்களிடம் சொல்லவில்லை.

போன முறை போட்டது 'ஜகாட்'. சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் எடுத்த நம்மூர்ப் படம். மறுவருடம் சிறந்த மலேசியப் படம் என்ற விருது பெற்றது. கெட்ட என்று பொருள்படும் மலாய்ச் சொல்லான ஜஹாட், நம் வாயில் ஜகாட் ஆகிவிட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், தொண்ணூறுகளின் தொடக்கம், அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். படித்து முன்னேறட்டும் என்று அடித்து வளர்க்கும் அப்பா மணியம். குண்டர் கும்பலின் பக்கம் நழுவும் பிள்ளை.

நான் லூக்கா பதினைந்தைத் தயாராக வைத்திருந்தேன். நாங்கள் கெட்டகுமாரன் என்போம். கத்தோலிக்க நண்பர்கள் ஊதாரி மைந்தன் என்பார்கள். ஓடிவந்து கட்டிக்கொண்ட அப்பா அங்கே, பெல்ட்டை உருவும் அப்பா இங்கே என்று எழுதியும் வைத்திருந்தேன். பேசி முடித்தபோது, மகனை அழைத்துப்போக வந்து கதவருகே நின்றே பாதிப் படம் பார்த்த ஒருவர் கையைத் தூக்கினார். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இன்னும் அவர் கையில் இருந்தது.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பைபிள்ல வர்ற அந்த அப்பாகிட்ட கொழுத்த கன்னு இருந்துச்சு. மணியத்துகிட்ட என்ன இருந்துச்சு?"

கூடத்தில் யாரும் பேசவில்லை. மகனின் தோளைத் தொட்டு அழைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அன்றிரவு அந்த அதிகாரத்தை மறுபடி எடுத்தேன். எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி. உயர்ந்த வஸ்திரம், மோதிரம், பாதரட்சை, வேலைக்காரர்கள், வயல், கன்று, ஆடல்பாடல். அந்த வீட்டில் இருந்தவற்றை அன்றுதான் முதன்முறையாக விரல்விட்டு எண்ணினேன்.