தீவு தீவா படகுல சுத்தப் போறீங்களா? கேங்க்ல ஒருத்தர் மூட் ஸ்பாய்லரா இருங்க

1/ லீவு சீசன் வந்தாலே சென்னையில பாதி வாட்ஸ்அப் குரூப்ல இதே பேச்சுதான்: "மச்சி, அந்தமான் போலாமா?" மீனம்பாக்கத்துல ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. பாஸ்போர்ட் வேண்டாம். அங்க போனதும் கூட்டத்தோட ஃபெர்ரியில போகாம, நம்ம கேங்க்குக்கு மட்டும் ஒரு ஸ்பீட் போட், ஒரே நாள்ல ரெண்டு மூணு தீவு. நானும் நண்பர்களோட போயிட்டு வந்தவன்தான். அருமையா இருந்துச்சு. அதனால "போகாதீங்க"ன்னு சொல்ற த்ரெட் இல்ல இது.

2/ நான் அரசு மருத்துவமனை டாக்டர். மெரினா, பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர்ல தண்ணியில மாட்டினவங்களைக் கொண்டு வர்ற கேஷுவால்ட்டியில டியூட்டி பாத்திருக்கேன். பெரும்பாலும் சின்னப் பசங்க. கூடவே ஈர டிரவுசரோட நாலஞ்சு நண்பர்கள் நிப்பாங்க. "இப்பதான் சார் எங்ககூட சிரிச்சிட்டு இருந்தான்" என்பார்கள். அந்த வரியை நீங்க யாரும் எந்த ஆஸ்பத்திரி வாசல்லயும் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

3/ "தமிழ்நாட்டுலயே தீவு இருக்கே டாக்டர்?" இருக்கு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல மன்னார் வளைகுடாவுல 21 தீவுகள். 1986ல இருந்து அது கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாம நம்ம இஷ்டத்துக்குப் படகை விட்டு இறங்க முடியாது. அதனாலதான் நம்ம ஊர் கூட்டம் அந்தமானுக்குப் போகுது, அடுத்த பட்ஜெட்ல தாய்லாந்து, மாலத்தீவு.

4/ முதல்ல மூணு தேதி.

2011 டிசம்பர் 25, பழவேற்காடு. சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தாங்க.
2014 ஜனவரி 26, போர்ட் பிளேர் பக்கத்துல. 25 பேர் ஏற வேண்டிய படகுல 40க்கும் மேல் ஏறி, 21 பேர் இறந்தாங்க. பலர் நம்ம காஞ்சிபுரத்துக்காரங்க.
2023 மே 7, கேரளா தானூர். மீன்பிடிப் படகை மாத்தி சுற்றுலாப் படகாக்கி ஓட்டினது. 22 பேர்.

5/ காலண்டரை எடுத்துப் பாருங்க. மூணுமே ஞாயிற்றுக்கிழமை. ஒண்ணு கிறிஸ்துமஸ், ஒண்ணு குடியரசு தினம், ஒண்ணு கோடை லீவு. கூட்டம் ஜாஸ்தி, படகு கம்மி, "இன்னும் நாலு பேர்தானே, ஏறிக்கோங்க" நடக்குற நாள். மூணும் நடுக்கடல்லயும் நடக்கல. கரை கண்ணுக்குத் தெரியுற தூரம்தான்.

நமக்குச் சுறாமேல பயம், புயல்மேல பயம். நான் பயப்படுறது அந்த "நாலு பேர்தானே"வுக்கு.

6/ நாங்க போன கதைக்கு வர்றேன். ஆறு பேர். மயிலாப்பூர்ல ரெண்டு, தி.நகர்ல ஒண்ணு, அடையாறுல மூணு. எல்லாரும் ஸ்கூல் செட். ராஸ் தீவு (2018ல நேதாஜி பேரு வெச்சாச்சு), அப்புறம் நார்த் பே. பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டுக்குப் பின்னாடி தென்னை மரத்தோட ஒரு கடல் படம் இருக்குமே, அந்த இடம்.

ஜெட்டியில படகு ரெடி. அட்வான்ஸ் 2,000 ரூபாய் முன்னாடியே குடுத்தாச்சு.

7/ லைஃப் ஜாக்கெட் எங்கன்னு கேட்டேன். படகு மூக்குல ஒரு சாக்குல இருந்துச்சு. எடுத்துப் பாத்தா எட்டு. அதுல மூணுக்கு பக்கிள் உடைஞ்சு கயித்தால கட்டியிருந்துச்சு. "செக்கிங் வந்தா மட்டும் போட்டுக்கோங்க சார், வேர்க்கும்" என்றார் ஓட்டுநர். அதோட இன்னொரு குடும்பமும் ஏறப் போகுது, நாலு பேர், ரெண்டு குழந்தை. ஆறும் நாலும் பத்து. ஓட்டுநர், ஹெல்பர் தனி. நல்ல ஜாக்கெட் அஞ்சு.

8/ நான் ஏற மாட்டேன்னு சொன்னேன். "டேய் டாக்டர், லீவுலயும் டியூட்டியா?"ன்னு ஒருத்தன். "ரெண்டாயிரம் போச்சுடா"ன்னு இன்னொருத்தன். நிஜமாவே போச்சு, அட்வான்ஸ் திரும்பி வரல. நாப்பது நிமிஷம் வெயில்ல நின்னு வேற படகு பிடிச்சோம். அந்த நாப்பது நிமிஷமும் என்கிட்ட எவனும் பேசல. அந்தக் குடும்பத்து அப்பாகிட்டயும் போய்ச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் யோசிச்சு, குழந்தைகளைக் கீழ இறக்கிட்டார்.

9/ உடனே அந்தப் படகு கவிழ்ந்துச்சான்னு கேப்பீங்க. இல்ல. வேற ஆளுங்களை ஏத்திட்டு ஜம்முனு போயிட்டு வந்துச்சு. இதுதான் இதுல கஷ்டமான விஷயம். நூறு தடவை எதுவும் ஆகாது. அதனால மூட் ஸ்பாய்லரா இருக்குற ஆளுக்கு "நீ சொன்னது சரிதான்டா"ன்னு யாரும் சொல்லவே மாட்டாங்க. கிண்டல்தான் மிஞ்சும். தெரிஞ்சே அந்த வேலையை ஒருத்தர் எடுத்துக்கணும். ட்ரிப்புக்கு முன்னாடியே யாருன்னு முடிவு பண்ணிடுங்க. அவர் "வேண்டாம்"னு சொன்னா வேண்டாம். ஓட்டெடுப்பு கிடையாது.

10/ அவர் என்னென்ன பாக்கணும்?

எத்தனை பேருக்கு அனுமதின்னு படகுலயே எழுதியிருக்கணும். தலையை எண்ணுங்க, குழந்தையும் ஒரு தலை. ஆளுக்கொரு நல்ல ஜாக்கெட். குழந்தைக்குக் குழந்தை சைஸ், கால் இடுக்கு வழியா வர்ற பட்டையோட. மாட்டிட்டு ரெண்டு தோள்லயும் பிடிச்சு மேல தூக்குங்க. காது வரைக்கும் ஏறினா அது உங்க சைஸ் இல்ல.

11/ "விழுந்தா அப்போ மாட்டிக்கலாம்." முடியாது. தண்ணிக்குள்ள பக்கிள் கண்ணுக்குத் தெரியாது, கை நடுங்கும், வாயில உப்புத் தண்ணி போகும். படகு கவிழ்ந்தா ஜாக்கெட் அடியில மாட்டிக்கும். "எனக்கு நீச்சல் தெரியும்"னு சொல்றவங்களுக்கு: கவிழும்போது தலையில கம்பி அடிச்சா நீச்சல் மறந்துடும். மயங்கினவனையும் மிதக்க வைக்குறது ஜாக்கெட்தான். சரக்கு அடிச்சவனுக்கு இதுல ரெண்டு மடங்கு ஆபத்து. பீர், கரைக்கு வந்த பிறகு.

12/ உக்காருற இடம். ரீல்ஸுக்காக எல்லாரும் முன்னாடி மூக்குலதான் உக்காருவாங்க. ஸ்பீட் போட் அலைமேல எகிறி விழும்போது அதிகமா அடிக்குறது அங்கதான். நடு முதுகுக்குக் கீழ, இடுப்போட சேருற இடத்துல எலும்பு நொறுங்கி வர்றவங்க உண்டு. கீழ விழவே வேண்டாம், உக்காந்த இடத்துலயே நடக்கும். எலும்பு தேய்மானம் இருக்குற அம்மா, அப்பா, முதுகு ஆபரேஷன் ஆனவங்க எல்லாரும் பின்பக்கம். கர்ப்பிணிகளுக்கு ஸ்பீட் போட்டே வேண்டாம், பெரிய ஃபெர்ரி போதும்.

13/ ஸ்நார்க்கலிங் பண்ண இறங்கும்போதும் ஏறும்போதும் இன்ஜின் முழுசா ஆஃப் ஆகியிருக்கணும். நியூட்ரல்ல இருந்தா பத்தாது. ஏணி பெரும்பாலும் புரொப்பல்லர் பக்கத்துலயே இருக்கும்.

வாந்தி வர்றவங்க மாத்திரையை ஏறுறதுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். வாந்தி ஆரம்பிச்ச பிறகு போட்டா வெளியதான் வரும். அவோமின் தூக்கம் வரவைக்கும், சரக்கோட சேரவே கூடாது. ரெண்டு வயசுக்குக் கீழ குழந்தைக்குக் குடுக்காதீங்க.

14/ ஸ்கூபா பண்ணா அன்னைக்கே ஃப்ளைட் ஏறாதீங்க. ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், பல டைவ்னா 18 மணி நேரம் இடைவெளி. ஆழத்துல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் மேல போகப் போக குமிழியாகும், சோடா பாட்டில் திறந்த மாதிரி. ஸ்கூபாவை ட்ரிப்போட நடுவுல வெச்சுக்கோங்க. வெறும் ஸ்நார்க்கலிங்குக்கு இந்தக் கணக்கு கிடையாது.

15/ இப்போ முக்கியமானது. மூழ்குறவங்க சினிமாவுல மாதிரி "காப்பாத்துங்க"ன்னு கத்த மாட்டாங்க. கத்த மூச்சு வேணும். வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்த நொடி மூச்சு இழுக்கவே பத்தாது. கை ஆட்டவும் முடியாது, ரெண்டு கையும் தண்ணியைக் கீழ அழுத்திட்டு இருக்கும். தூரத்துல இருந்து பாத்தா நிமிர்ந்து நின்னு விளையாடுற மாதிரி இருக்கும். பல நேரம் ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். கேங்க்ல ஒருத்தர் அமைதியாயிட்டா பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பதில் வரலைன்னா ஓடுங்க.

16/ ஆனா குதிக்காதீங்க. எலியட்ஸ் பீச்சுல வெள்ளையா ஒரு வளைவு இருக்கே, நாம எல்லாரும் அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்திருக்கோம். ஷ்மிட் நினைவுச் சின்னம். டென்மார்க்கைச் சேர்ந்தவர். 1930 டிசம்பர் 30 அன்னைக்கு, மத்தவங்களைக் காப்பாத்தப் போய் அந்தக் கடல்ல மூழ்கி இறந்தார். மூழ்குறவங்க கையில கிடைச்சதை இறுக்கிப் பிடிச்சு அமுக்குவாங்க. அவங்க தப்பில்ல, அது உடம்போட அனிச்சை. கயிறு, ஜாக்கெட், காலி வாட்டர் கேன், எது மிதக்குதோ அதை வீசுங்க. கம்பை நீட்டுங்க.

17/ தூக்கியாச்சு, பேச்சு மூச்சு இல்ல. வயித்தை அமுக்காதீங்க. தலைகீழா தூக்கி ஆட்டாதீங்க. வயித்துல இருக்குறது நுரையீரலுக்குப் போகும், நேரமும் வீணாகும். இங்க பிரச்சினை காத்து இல்லாததுதான், அதனால முதல்ல காத்து. மல்லாக்கப் படுக்க வெச்சு, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோட வாய் வெச்சு மார்பு எழும்புற அளவுக்கு 2 முதல் 5 மூச்சு. அசைவில்லன்னா நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100–120 வேகத்துல 30 அழுத்தம், 2 மூச்சு, திரும்ப 30. உதவி வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. 112க்கு அடிங்க. கடல்லன்னா கடலோரக் காவல்படை 1554.

18/ அவர் எழுந்து உக்காந்து "நான் ஓகே"ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இருமல், மூச்சு வாங்குறது அடுத்த சில மணி நேரத்துல ஆரம்பிக்கலாம். ஹேவ்லாக்ல இருக்குறது சின்ன ஆஸ்பத்திரி. பெரிய சிகிச்சைன்னா போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வரணும். அதுக்கும் கடல்தான் தாண்டணும், ஃபெர்ரியில ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. தி.நகர்ல நெஞ்சு வலின்னா ஆட்டோ பிடிக்கிற கணக்கு தீவுல செல்லாது.

19/ சி.பி.ஆர். ஒரு மதியத்துல கத்துக்கலாம். ஆறு பேர் ட்ரிப்புன்னா ரெண்டு பேராவது கத்துக்கிட்டுப் போங்க. ஒரே ஒருத்தருக்குத் தெரிஞ்சு, அவரே மூழ்கிட்டா?

20/ இதைச் சேவ் பண்ணி, உங்க ட்ரிப் குரூப்ல போடுங்க. "ஆரம்பிச்சிட்டான்டா"ன்னு ஒருத்தர் சொல்லுவார். சொல்லட்டும். எங்க கேங்க்ல அடுத்த ட்ரிப் கோகர்ணா. படகு புக் பண்றதுக்கு முன்னாடி, அன்னைக்கு ரெண்டாயிரம் போச்சுன்னு புலம்பினவனே போன் பண்ணி ஓட்டுநர்கிட்ட கேட்டிருக்கான்: "அண்ணே, எத்தனை பேருக்கு அனுமதி? ஜாக்கெட் எத்தனை இருக்கு?"

நல்லபடியா போயிட்டு வாங்க. போட்டோ அனுப்புங்க, ஜாக்கெட் போட்ட போட்டோ.