வெள்ளிக்கிழமையே வந்த வான்



கோடை விடுமுறை முடிந்து ஆலயத்துக்கு வந்த முதல் ஞாயிறு, "இலங்கைப் பயணம் எப்படி?" என்று எல்லாரும் கேட்டீர்கள். "நல்லாய் இருந்தது" என்றோம். அது பொய் இல்லை. ஆனால் முழுக்கதையும் இல்லை. சொல்லாமல் விட்டதை அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து இங்கே எழுதுகிறோம். எந்தப் பிழையை யார் விட்டது என்று நாங்கள் பிரிக்கவில்லை. ஒருவர் படிவத்தை நிரப்பினோம், மற்றவர் பார்க்காமலே "சரி" என்றோம். ஆகவே எல்லாம் "நாங்கள்"தான்.

அம்மாவும் அப்பாவும் கல்யாணம் செய்து 25 வருடம் ஆகிறது. அதற்காக ஆகஸ்டில் குடும்பமாய் ஊருக்குப் போவது என்று முடிவானது. முதல் ஐந்து நாள் பாசிக்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டல், அதன்பிறகு வாழைச்சேனையில் அப்பாவின் சொந்தக்காரர் வீடு. அப்பா சின்ன வயதில் குளித்த கடல் அது. எவ்வளவு தூரம் உள்ளே நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இப்போது அங்கே நிற்கும் பெரிய ஹோட்டல்கள் எல்லாம் 2009இல் போர் முடிந்த பிறகு வந்தவை. சொந்த ஊர்க் கடலுக்குக் காசு கொடுத்து உல்லாசப் பயணியாய்ப் போவது அவருக்குக் கொஞ்சம் கூச்சம். இருந்தாலும் அம்மாவுக்காகச் சம்மதித்தார்.

கட்டுநாயக்க விமான நிலையம் மேற்குக் கரையில் இருக்கிறது, பாசிக்குடா கிழக்குக் கரையில். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று நாட்டைக் குறுக்கே வெட்டிப் போகவேண்டும். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அப்பா இளைஞனாய் இருந்தபோது கோட்டையில் உதயதேவி ஏறி வாழைச்சேனையில் இறங்குவாராம். ஆனால் எங்களோடு 78 வயது அம்மம்மாவும் வந்தார். முழங்கால் வருத்தம் உள்ளவரை இரவு முழுக்க விமானத்தில் இருத்திவிட்டுப் பிறகு ரயிலிலும் ஏற்ற முடியாது. எனவே விமான நிலைய வாசலிலிருந்து ஹோட்டல் வாசல்வரை தனி வான் ஒன்றை முற்பதிவு செய்யும் பொறுப்பை அப்பா எங்களிடம் தந்தார். "கணினி எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்" என்றார்.

நாங்களும் கெட்டித்தனமாய்த்தான் செய்தோம். நாலு இடத்தில் விலை பார்த்தோம். ஐந்து பேர், ஆறு சூட்கேஸ் என்று எழுதினோம். விமான எண்ணைக் கொடுத்தோம். குறிப்பு எழுதும் கட்டத்தில், "வயதான அம்மம்மா வருகிறார், ஏறுவதற்கு வசதி வேண்டும்" என்றும் எழுதினோம். போகவும் வரவும் சேர்த்துப் பதிந்ததால் விலையும் குறைந்தது. சாரதியின் பெயரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலில் வந்தன. அந்த மின்னஞ்சலை நாங்கள் முழுதாய் வாசிக்கவில்லை.

விமானம் ஹீத்ரோவிலிருந்து ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டது. கட்டுநாயக்கவில் இறங்கியது 9, சனிக்கிழமை மத்தியானம். படிவத்தில் நாங்கள் போட்ட திகதி 8.

இது எங்களுக்குச் சனிக்கிழமை தெரியாது. வெளியே வந்தபோது எத்தனையோ பெயர்ப்பலகைகள். எங்கள் பெயர் எதிலும் இல்லை. ஒரு மணி நேரம் நின்றோம். அம்மம்மா சூட்கேஸின்மேல் இருந்தார். விமான நிலையத்திலேயே ஒரு சிம் வாங்கிச் சாரதியை அழைத்தோம், எடுக்கவில்லை. கடைசியில் அப்பா அங்கேயே வேறொரு வான் பிடித்தார். நாங்கள் பதிந்த விலையைவிட அதிகம்.

அந்த வானில் ஏறி, குருநாகல் வருவதற்கு முன்னே, நாங்கள் அந்த நிறுவனத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டோம். விமர்சனமும் எழுதினோம். வயதான ஒருவரைத் தவிக்கவிட்டார்கள், சாரதி தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை, நம்பாதீர்கள் என்று எழுதி, சாரதியின் பெயரையும் போட்டோம். எழுதி முடித்ததும் மனது ஆறியது. ஹபரணையைத் தாண்டியபோது தெரு ஓரத்தில் யானை ஒன்று நின்றது. மன்னம்பிட்டியில் மகாவலிப் பாலத்தைக் கடக்கும்போது அப்பா அந்தக் காலத்துச் சோதனைச்சாவடிகளைப் பற்றிக் கதைத்தார். நல்ல பயணம்தான்.

இரவு ஹோட்டலில் வைஃபை கிடைத்ததும் நிறுவனத்தின் பதில் வந்திருந்தது. கோபமாய் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் முற்பதிவின் படத்தை மட்டும் அனுப்பி, திகதியைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். சாரதி வெள்ளிக்கிழமை பகல் 12.30 முதல் பின்னேரம் 4 மணிவரை பெயர்ப்பலகையோடு நின்றார், மூன்று முறை உங்களை அழைத்தார் என்றும் இருந்தது.

தொலைபேசியை எடுத்துப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை காலை லண்டன் நேரம் 8.40, 9.10, 10.25. +94 என்று தொடங்கும் தெரியாத எண். மூன்று அழைப்பும் எங்களுக்கு நன்றாய் நினைவிருந்தது. குளியலறைத் தராசில் சூட்கேஸை வைத்து நிறுத்துக்கொண்டிருந்தோம். பெட்டி 30 கிலோவைத் தொட்டுவிட்டது. "ஊரில யாரோ இன்னும் சொக்லேட் கேக்கத்தான் எடுக்கினம், எடுக்காதே" என்று சொல்லிச் சிரித்தோம். அந்த நேரத்தில் ஒரு மனிதர் எங்கள் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதே எண்ணுள்ள விமானம் வெள்ளிக்கிழமையும் வந்து இறங்கியது. அதனால் உள்ளேயிருந்து வந்த ஒவ்வொரு முகத்தையும் அவர் பார்த்திருப்பார்.

அவர் எடுக்காத ஒரு அழைப்பை ஊருக்கே எழுதிவிட்டோம். நாங்கள் எடுக்காத மூன்று அழைப்பு எங்களுக்கு மட்டும் தெரியும்.

உண்மையைச் சொன்னால், அந்த இரவு நாங்கள் முதலில் தேடியது நியாயம். இரவு ஏறினால் அடுத்த நாள் இறங்கும் என்று அந்தப் படிவம் எச்சரித்திருக்க வேண்டாமா? வந்தவர் நிறுவனத்திடம் சொல்லியிருக்க வேண்டாமா? பிறகு ஒரு வழி தோன்றியது: விமர்சனத்தை அழித்துவிட்டுப் பேசாமல் இருப்போம். அப்பாவுக்குத் தெரியத் தேவையில்லை. அழித்தோம், படுத்தோம்.

அடுத்த நாள் ஞாயிறு. பக்கத்து ஊர்ச் சபைக்கு ஆராதனைக்குப் போனோம். சின்ன ஆலயம், மின்விசிறிச் சத்தம், எங்களுக்குத் தெரிந்த பாட்டுகள். காணிக்கைப் பை வரிசையாய் வந்தது. காணிக்கை கொடுக்க வந்த இடத்தில் ஒருவரோடுள்ள மனத்தாங்கல் நினைவு வந்தால் முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்னதை ஞாயிறு பாடசாலையில் நாங்கள் நாடகமாகவே நடித்திருக்கிறோம். பை எங்களிடம் வந்தது. போடாமல் அடுத்தவரிடம் கொடுத்தோம். அம்மம்மா பார்த்துவிட்டார்.

"என்ன மனே, காசு இல்லையா?" என்று வெளியே வந்ததும் கேட்டார். ஆலய வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னோம். அப்பா கத்துவார் என்று நினைத்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "அழிச்சா உங்கட பிழைதான் மறையும். வாசிச்ச ஆக்களுக்கு அந்தாளின்ர பேர் என்னெண்டு நிக்கும்?"

அன்று மத்தியானம் சாரதியை மறுபடி அழைத்தோம். இந்தமுறை எடுத்தார். சனிக்கிழமை வேறொரு ஓட்டத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லையாம். "அண்ணா, நீங்கள் சரியான நாளில்தான் வந்தீர்கள். நாங்கள்தான் திகதியைப் பிழையாய்ப் போட்டது" என்றோம். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு கேட்டார்: "அம்மம்மா சுகமா வந்து சேந்தாவா?"

எங்கள் குறிப்பை அவர் வாசித்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் போதும் என்பதுதான் நிறுவனத்தின் விதி. வயதானவர், சக்கர நாற்காலிக்குக் காத்திருக்கலாம், குடிவரவில் பிந்தலாம் என்று நினைத்து நாலு மணிவரை நின்றாராம். ஓட்டம் நடக்காததால் அன்றைய சம்பளம் இல்லை. இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு நட்சத்திரம் விழுந்தால், விசாரித்து முடிக்கும்வரை அந்தச் சாரதிக்கு விமான நிலைய ஓட்டம் கொடுப்பதில்லை. சனிக்கிழமை இரவிலிருந்து அவருக்கு வேலை நின்றுபோயிருந்தது. நாங்கள் விமர்சனத்தை அழித்தது அந்த விசாரணையை முடிக்கவில்லை. நாங்கள் பேசாமல் இருந்திருந்தால் அது எத்தனை நாள் இழுபட்டிருக்குமோ.

உடனே மூன்று காரியம் செய்தோம். பிழை எங்களுடையது என்று நிறுவனத்துக்குத் தெளிவாய் எழுதினோம். முன்பு எழுதிய அதே இடத்தில், நடந்ததை மறைக்காமல் புதிய விமர்சனம் எழுதினோம். அவர் இழந்த ஓட்டங்களின் காசை எங்கள் சனிக்கிழமை வேலைச் சேமிப்பிலிருந்து கொடுப்பது என்று தீர்மானித்தோம். சகேயு நாலு மடங்கு திருப்பிக் கொடுத்தான். எங்கள் சேமிப்புக்கு ஒரு மடங்கே மூச்சு முட்டியது. திங்கட்கிழமை அவருக்கு மறுபடி ஓட்டம் கிடைத்தது.

திரும்பும் பயணத்துக்கும் அவரையே கேட்டோம். விடியப்புறம் 4 மணிக்குப் புறப்படவேண்டும் என்பதால், முதல் நாள் பின்னேரமே வரச் சொல்லி அப்பா அழைத்தார். இல்லாவிட்டால் வானுக்குள்தான் படுப்பாராம். அவர் சிலாபம் பக்கத்தவர். வீட்டில் சிங்களம், எங்களோடு தமிழ். மாமி பிட்டும் நண்டுக் கறியும் வைத்தார். இழந்த ஓட்டங்களின் காசைக் கொடுத்தோம். எண்ணாமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். அதற்குமேல் அப்பா கொடுத்ததை வாங்கவில்லை. "நீங்க ரெண்டாம் தரம் எழுதினத என்ட மகள் எனக்கு வாசிச்சுக் காட்டினா" என்று மட்டும் சொன்னார். முதலில் எழுதியதையும் அந்தப் பிள்ளை வாசித்திருப்பாளோ என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

விடியப்புறம் வான் கதவைத் திறந்தவர், உள்ளேயிருந்து ஒரு சின்ன மர முக்காலியை எடுத்து அம்மம்மாவின் காலடியில் வைத்தார். வெள்ளிக்கிழமை வந்தபோதும் அது வானுக்குள் இருந்ததாம்.

வருகிற வருடம் நம்முடைய வாலிபர் முகாமுக்கும் யாராவது வாகனம் பதிவு செய்யத்தான் வேண்டும். அவர்களுக்காக நாங்கள் படித்ததைச் சொல்லி முடிக்கிறோம். ஏறும் திகதியைப் போடாதீர்கள், இறங்கும் திகதியைப் போடுங்கள். அதுவும் போய் இறங்கும் நாட்டின் நேரப்படி. கோடையில் இலங்கை லண்டனைவிட நாலரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததும், பதிவு செய்யாத ஒருவர் அதைச் சத்தமாய் வாசிக்கட்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், பிந்தினால் கூடுதல் கட்டணமா என்று முதலே கேளுங்கள். சாரதியின் எண்ணைச் சேமித்து, முதல் நாளே ஒரு செய்தி அனுப்புங்கள். யாராவது வரவில்லையென்றால், அவரைப் பற்றி ஊருக்கு எழுதுமுன் உங்கள் படிவத்தை இன்னொருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்போது +94 என்று எந்த எண் வந்தாலும் எடுக்கிறோம். பெரும்பாலும் சொக்லேட் கேட்கத்தான்.