மாட்டின் காலடியில் ஒரு வோல்ட்

நியான் டெஸ்டர் எரிய 60, 70 வோல்ட்டாவது வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் அந்தச் சின்ன விளக்கு மினுங்காது. கறவை மாடு தண்ணீர்த் தொட்டியைக் கண்டு பின்வாங்க ஒன்றிரண்டு வோல்ட்டே போதும். "டெஸ்டர் வெச்சுப் பாத்தாச்சு, கரண்ட் ஒண்ணும் வரல" என்று யார் சொன்னாலும், மாட்டுக் கொட்டகையைப் பொறுத்தவரை அதைப் பார்த்ததாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் மோட்டார் காயில் கட்டுவதும் வயரிங்கும் எனக்குத் தொழில். பட்டறைதான் டவுனில், வேலை பெரும்பாலும் பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களில். பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லை இன்னும் அங்கே வயல்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகிறது. இந்தப் பக்கம் புதுச்சேரி மின்துறைக் கம்பம், வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாட்டு மின்வாரியக் கம்பம். ஒரு கொட்டகையில் கசிவு என்றால், எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து லைன் வருகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

மண்ணும் ஒரே மாதிரி இல்லை. முத்தியால்பேட்டை, வைத்திக்குப்பம் பக்கம் உப்பு ஈரம் ஜி.ஐ. பைப்பைச் சில வருடத்தில் அரித்துவிடும். அங்கே எர்த் குழியில் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவது வீண் வேலை. கோரிமேடு, சேதராப்பட்டுச் செம்மண்ணில் சித்திரை பிறந்தால் குழி காய்ந்துபோகும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாகூர் ஏரிப் பாசனத்துக் களிமண் ஈரத்தை விடாது. எர்த்துக்கு அருமையான மண். கசிகிற கரண்ட் பரவுவதற்கும் அதே அளவு தோதான மண்.

மாட்டுக்கு மட்டும் ஏன் இப்படி என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். மனித உடம்புக்கு 1000 ஓம் என்று கணக்கு வைத்தால், மாட்டுக்கு 500 ஓம்தான் வைக்கிறார்கள். நாம் செருப்புக் காலோடு ஒரு விரலால் குழாயைத் தொடுகிறோம். மாடு கோமியமும் கழுவின தண்ணீரும் ஊறிய தரையில் நான்கு குளம்பையும் ஊன்றி, ஈர மூக்கைத் தொட்டியில் வைக்கிறது. தொட்டிக்கும் தரைக்கும் இடையே 2 வோல்ட் இருந்தால் அதன் உடம்பில் 4 மில்லி ஆம்பியர் வரை ஓடலாம். ஒரு மில்லி ஆம்பியரே நம் விரலில் சுருக்கென்று தெரியும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் பண்ணைக்காரர்கள் இதற்காக வழக்கு மன்றம் வரை போனார்கள். மாடு தொடுகிற இடத்தில் 500 ஓம் ரெசிஸ்டர் வைத்து அளந்து 1 வோல்ட், அதாவது 2 மில்லி ஆம்பியர் வந்தாலே கவனிக்க வேண்டிய அளவு என்று அந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்தது. 1991-இல் அமெரிக்க வேளாண் துறை இதற்கென்று ஒரு கையேடே வெளியிட்டது. நம்மை ஆண்ட பிரான்சிலும் பிரிட்டனி, நார்மண்டிப் பால் பண்ணைகளிலிருந்து இதே புகார் வந்தபடி இருக்கிறது. பண்ணைகளின் மின் சிக்கலைப் பார்க்க அங்கே ஒரு நிரந்தரக் குழு உண்டு. ஆனால் அமெரிக்கப் புத்தகத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அவர்கள் உயர் அழுத்த லைனோடு நியூட்ரலையும் இழுத்து, வழி நெடுக எர்த் செய்கிறார்கள். நமக்கு 11 ஆயிரம் வோல்ட் மூன்று கம்பியில் வருகிறது, நியூட்ரல் இல்லாமல். நம் தொல்லை பெரும்பாலும் டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம், வீட்டுக்கு வருகிற எல்.டி. லைனிலும் வீட்டுக்குள்ளேயும்தான்.

எல்லையோரக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மாவுக்கு மூன்று கறவை. யாருடைய கம்பம் என்பது இங்கே முக்கியமில்லை. அவர் சொன்னதிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது.

"தொட்டிகிட்ட போவுது தம்பி. நாக்க நீட்டி நாலு நக்கு நக்குது, தலைய உதறிட்டு வந்துடுது. பக்கெட்டுல வெச்சா மடக்கு மடக்குனு குடிக்குது."

"எப்பவுமா, இல்ல நேரம் பாத்தாம்மா?"

"விளக்கு வெச்சப்புறந்தான் ரொம்ப. மத்தியானம் பரவால்ல. டாக்டரு வந்து பாத்துட்டாரு, மடிநோய் இல்லன்னுட்டாரு."

பக்கெட் பிளாஸ்டிக். தொட்டிக்கு வருவது இரும்புக் குழாய். விளக்கு வைக்கிற நேரம் ஊர் முழுக்க லோடு ஏறுகிற நேரம். டாக்டரை முதலில் கூப்பிட்டதும் சரியான காரியம். பால் குறைய மடிநோய், தீவனம், உண்ணி, கறக்கிற கை என்று நூறு காரணம் உண்டு. எல்லாப் பழியையும் கரண்டின் மேல் போடுகிற வயர்மேனை நம்பக் கூடாது. ஒரு தொட்டியில் குடிக்காமல் இன்னொன்றில் குடிப்பது, நக்கிப் பார்த்து விலகுவது, ஒரே இடத்தில் மட்டும் காலை மாற்றி மாற்றி வைப்பது, இவற்றைப் பார்த்தால்தான் நான் மீட்டரை எடுப்பேன்.

மீட்டரை வெறுமனே வைத்தால் அதுவும் ஏமாற்றும். டிஜிட்டல் மல்டிமீட்டர் பக்கத்து வயரின் சாயலை இழுத்துக்கொண்டு 20, 30 வோல்ட் என்று பொய்யாகக் காட்டும். அதனால் அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் போடுவேன். 470 ஓம், மஞ்சள்-ஊதா-பழுப்புப் பட்டை போட்டது, விலை சில ரூபாய். மாட்டின் இடத்தில் நிற்பது அதுதான். அதைப் போட்டதும் பொய் வோல்ட் விழுந்துவிடும், உண்மையானது நிற்கும். ஒரு கிளிப் தொட்டிக் குழாயில், துரு சுரண்டிய இடத்தில். இன்னொன்று ஒரு தகரத் தகட்டில். அந்தத் தகட்டை ஈரச் சாக்கின் மேல், மாட்டின் முன்னங்கால் நிற்கிற இடத்திலேயே வைத்து, மேலே கல்லை ஏற்றிவிடுவேன். எங்கோ ஓரத்தில் வைத்து அளந்தால் அந்த அளவு மாட்டுக்கு உரியது அல்ல.

அந்த அம்மா வீட்டில் மத்தியானம் அரை வோல்ட்டுக்கும் குறைவு. இருட்டின பிறகு 3 வோல்ட்டைத் தாண்டியது. வீட்டு மெயினை அணைத்தேன். அளவு அசையவில்லை. அப்படியென்றால் கசிவு அவர் வீட்டு மோட்டாரிலோ விளக்கிலோ இல்லை. மீட்டர் போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயர் இறங்கி எர்த் கம்பியோடு முறுக்கிக் கிடந்தது. அதைப் பிரித்ததும் மீட்டரில் ஒன்றும் இல்லை.

இந்த முறுக்கை எத்தனையோ வீட்டில் பார்க்கலாம். எர்த் செத்துவிட்டது, புதுக்குழி தோண்டச் செலவு என்று யாரோ நியூட்ரலையே எர்த்தாக்கிவிட்டுப் போயிருப்பார்கள். மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் ஓட்டம் குறைவு. கிராமத்து லைனில் சமமாக இருப்பதே இல்லை. 10 ஆம்பியர் திரும்பி வருகிறது, வழியில் அரை ஓம் தடை என்றால், அந்த நியூட்ரல் மண்ணைவிட 5 வோல்ட் உயரத்தில் இருக்கும். அதை எர்த்தோடு முறுக்கியவுடன் மோட்டார் உடம்பு, குழாய், தொட்டி எல்லாவற்றிலும் அந்த 5 வோல்ட் ஏறிக்கொள்ளும். மறுநாள் லைன்மேன் கம்பத்தில் ஏறி, பொடிந்து கறுத்திருந்த நியூட்ரல் கிளாம்பைச் சுரண்டி இறுக்கினார். தெருவுக்கே வோல்டேஜ் சீரானது. கம்பத்தில் நியூட்ரல் ஒருநாள் அறுந்திருந்தால் அந்த வீட்டு இரும்பிலெல்லாம் 3 அல்ல, 230 வோல்ட் வந்து நின்றிருக்கும். இந்த முறுக்கைக் கண்டால் உடனே பிரிக்கச் சொல்லி, எர்த்தைப் புதிதாகப் போடச் சொல்லி மன்றாடுகிறேன். கேட்கிறவர் கேட்கிறார்கள்.

எர்த் போட்டாச்சு, இனிப் பயமில்லை என்பதும் சரியல்ல. கணக்கைப் பாருங்கள். வீட்டு எர்த் 10 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த் 2 ஓம். மோட்டாரில் ஒரு பேஸ் உடம்போடு ஒட்டிவிட்டது. 230-ஐ 12-ஆல் வகுத்தால் 19 ஆம்பியர். தடித்த கம்பி போட்ட பியூஸ் இதற்குப் போகாது. மோட்டார் உடம்பில் 190 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். அந்த 19 ஆம்பியரும் எர்த் பைப் வழியாக மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கும். பைப்பை ஒட்டிய முதல் ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் வோல்டேஜ் செங்குத்தாக இறங்குகிறது. மனிதன் ஒரு எட்டு வைத்தால் முக்கால் மீட்டர். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் ஒன்றரை மீட்டர். மழையில் கம்பத்தடியில் மாடு விழுந்து செத்தது, கூட ஓடின ஆள் பிழைத்தார் என்று கேள்விப்படுகிறோமே, அதற்கு இது ஒரு காரணம். எர்த் குழியைக் கட்டுத்தறியிலிருந்து நன்றாகத் தள்ளித் தோண்டுங்கள். ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டாதீர்கள்.

அந்த 19 ஆம்பியரை நிறுத்த ஆர்.சி.சி.பி. வேண்டும். 30 மில்லி ஆம்பியர் வழி தவறிப் போனாலே நொடிக்குள் அறுத்துவிடும் கருவி அது. குறிப்பிட்ட லோடுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு இப்படி ஒன்றை மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகளே கட்டாயமாக்கின. ஆனால் மழைக்காலத்தில் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அது டிரிப் ஆவதே எங்கோ ஈரத்தில் கசிகிறது என்பதால்தான். கழற்றச் சொல்லி என்னைக் கூப்பிட்டால் கசிவைத் தேடித் தருவேன். கழற்றித் தர மாட்டேன்.

உயர் அழுத்தக் கோபுர லைன் வேறு சங்கதி. வில்லியனூரிலும் பாகூரிலும் 230 ஆயிரம் வோல்ட் துணைமின் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வருகிற லைன்கள் வயல்கள் மேல்தான் போகின்றன. அப்படிப்பட்ட லைனுக்கு அடியில் நீளமாக இழுத்த கம்பி வேலியிலோ டயர் மேல் நிற்கிற டிராக்டரிலோ கை வைத்தால் சுருக்கென்று கிள்ளும். இது கசிவு அல்ல, தூண்டல். 2018 கடைசியில் கொங்கு மாவட்ட விவசாயிகள் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தபோது, நில இழப்போடு இந்தப் பயமும் அவர்கள் மனதில் இருந்தது. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலிக் கம்பியை இடைவெளி விட்டு விட்டு எர்த் செய்தால் கிள்ளல் போய்விடும். அதைச் செய்து கொடுப்பது லைன் இழுத்தவர்களின் கடமை என்பது என் கருத்து.

புயலுக்குப் பிறகுதான் இந்த ஊரில் எனக்குக் கவலை அதிகம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் மின்கம்பங்கள் ஊர் ஊராகச் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 பெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி டவுனே தண்ணீரில் நின்றது. கம்பத்தை நிமிர்த்துவதும் விளக்கை எரிய வைப்பதும் எப்படியோ நடந்துவிடுகிறது. அறுந்துபோன எர்த் கம்பியைத் தேடுகிறவர்கள் குறைவு, ஏனென்றால் அது இல்லாமலும் விளக்கு எரியும். தேங்கிய தண்ணீரும் கசிகிற கரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை கொடுங்கையூர் 2017 நவம்பர் 1 அன்று பார்த்தது. தண்ணீரில் கிடந்த வயரை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். வெள்ளம் வடிந்த வீட்டில் மோட்டாரைப் போடுவதற்கு முன்னால், இன்சுலேஷனைச் சோதிக்கிற மெகர் வைத்துப் பாருங்கள் என்று பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

கொட்டகைக்கு நிரந்தர மருந்து தரையில்தான் இருக்கிறது. சிமெண்ட் தரை போடும்போது உள்ளே கம்பி வலையை விரித்து, அதைத் தொட்டிக் குழாய், கட்டுத்தறி இரும்பு, கறக்கிற இடத்துத் தூண் எல்லாவற்றோடும் பற்றவைத்து எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். அதன் பிறகு எங்கிருந்து வோல்டேஜ் வந்தாலும் மாட்டின் குளம்பும் மூக்கும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இல்லாததால் உடம்பில் ஓட வழியில்லை. ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஷாக் அடிக்காததும் இதனால்தான். மாடு உள்ளே நுழைகிற வாசலில் மட்டும் வலையைச் சட்டென்று நிறுத்தாமல், சரிவாக மண்ணுக்குள் இறக்கி விட வேண்டும். இல்லையென்றால் முன்கால் வலையிலும் பின்கால் வெளியிலுமாக நிற்கிற நேரத்தில் அடிக்கும். மாட்டுப் பொங்கலுக்குத் தகரக் கூரையில் சீரியல் செட் தொங்கவிடுகிற வீடுகளில் இந்த வலை இருந்தால் எனக்கு நிம்மதி. தோல் உரிந்த சீரியல் வயரும் தகரமும் ஒட்டிக்கொள்வதை நிறையப் பார்க்கிறேன்.

வலைக்கும் பற்றவைப்புக்கும் ஆகிற செலவு தரைக்கு ஆகிற செலவில் சிறு பங்குதான். கொட்டகைக்குத் தரை போடப் போகிறவர்கள் கொத்தனார் கலவை கொட்டுவதற்கு முந்தின நாள் ஒரு வயர்மேனைக் கூப்பிடுங்கள். நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கலவை இறுகிய பிறகு கூப்பிட்டால் தரையை உடைத்துத்தான் போட வேண்டும்.